அச்சு மட்டும் அறிந்த துபாஷி

கும்பகோணத்துக்குச் சமீபத்தில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் நடத்திவரும் என் நண்பர் ஒருவருடைய கடையில், சென்ற வருஷம் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்க நேர்ந்தபோது, அதைக் கொண்டுவந்து இறக்கிய இளைஞர், 16 ஆண்டுகளாக ஓயாமல் பில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பார்த்து, "இதை மாட்ட இதில் இடமே இல்லை ஐயா, இதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. 25 துளைகள் கொண்ட அந்த நீண்ட பேரலல் போர்ட் புதிய கம்ப்யூட்டரின் முதுகில் எங்கும் காணப்படவில்லை. இருந்தவை எல்லாம் சிறிய யு.எஸ்.பி. வாயில்களே. ஆனால் பிரிண்டரின் ஊசிகள் தேயவில்லை; ரிப்பன் இன்றும் கடைத்தெருவில் கிடைக்கிறது; கார்பன் வைத்த மூன்று பிரதிகளையும் ஒரே அடியில் தெளிவாக அடித்துத் தருகிறது. அங்கத்தில் ஊனம் எதுவும் இல்லாத ஒரு சாதனத்தை, அதன் கம்பி நுனி பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காயலான் கடையில் போடுவது நியாயமா என்று நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமில்லை என்றேன், இப்போதும் அதுவே என் அபிப்பிராயம்.

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. டு பேரலல் கேபிள் ஒன்றை வாங்கி அனுப்பினேன். மாட்டிய அன்று ஒரு வரிகூட அச்சாகவில்லை. மறுநாள் தொலைபேசியில் பேசியபடியே பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பழைய பேரலல் போர்ட்டின் பெயராக எல்.பி.டி. 1 என்று குறிக்கப்பட்டிருந்ததை நீக்கி, யு.எஸ்.பி. 001 என்பதைத் தேர்ந்தெடுக்கச் செய்தவுடன், நான் தொலைபேசியிலேயே கேட்கும்படியாக அந்த யந்திரம் தன் பழைய குரலை எழுப்பிற்று. மூன்று நிமிஷ வேலை. இதை அறியாமையால் எத்தனை கடைகளில், எத்தனை காரியாலயங்களில், நல்ல நிலையிலிருந்த பிரிண்டர்கள் மூலைக்குப் போயிருக்கும் என்று நினைக்கும்போது மனத்துக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்த வெற்றியைக் கேள்விப்பட்ட மற்றொரு நண்பர், பாலிடெக்னிக் ஒன்றில் யந்திரப் பிரிவு ஆசிரியர், தம் பயிற்சிக் கூடத்தில் மாணவர்களுக்கு என்று வைத்திருந்த சிறிய சி.என்.சி. மில்லிங் யந்திரத்துக்கும் அதே மாதிரியான அடாப்டரை வாங்கினார். அந்த யந்திரமும் பேரலல் போர்ட்டில் மாட்டக்கூடியதுதான். அடாப்டரின் நுனியும் அதே 25 துளைகள் கொண்டதுதான். கையில் பிடித்து மாட்டினால் கச்சிதமாகப் பொருந்திற்று. ஆனால் யந்திரம் இம்மியும் அசையவில்லை. வேறு கடையில் வேறொன்று வாங்கினார், அதுவும் பயன்படவில்லை. மூன்றாவதும் அப்படியே ஆனபின், கோளாறு யந்திரத்தில்தான் என்று முடிவு கட்டி, இருப்புப் பதிவேட்டில் அதை உபயோகமற்றது என்று எழுதும் கட்டத்துக்கு வந்துவிட்டார். ஒரே பொருள் ஓரிடத்தில் உயிர் கொடுத்ததும் வேறோரிடத்தில் கைவிட்டதும் ஏன் என்பதை, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. வாங்குபவர்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை. இந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் இங்கே எழுதப் புகுந்தேன்.

பேரலல் போர்ட்டின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் அறிந்தால் இந்தப் புதிர் தானே விடுபடும். 1970-இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன்னுடைய 101 என்ற பிரிண்டரை வெளியிட்டபோது, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க 36 முனைகள் கொண்ட ஓர் இணைப்பைக் கையாண்டது. அந்த நிறுவனத்தோடு சம்பந்தப்பட்டிருந்த வாங் நிறுவனத்தில், கணக்கிடும் யந்திரங்களுக்காக வாங்கிய அந்த வகை இணைப்புகள் மிகுதியாகத் தேங்கிக் கிடந்தன என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம் என்று சொல்வார்கள். உலகம் முழுவதும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிண்டர்களின் முதுகில் நிலைத்துவிட்ட ஒரு வடிவம், மிஞ்சிய சரக்கிலிருந்து பிறந்தது! 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பிரிண்டர் பக்கத்தில் அந்த 36 முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் மட்டும் 25 துளைகளாகச் சுருக்கிற்று.

அந்த 25-இல் எட்டுக் கம்பிகள் செய்தியைச் சுமப்பவை. ஓர் எழுத்தின் எட்டு பிட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நில்லாமல், எட்டுப் பேர் எட்டு வாசல்களில் ஒரே சமயத்தில் நுழைவதுபோல் ஒரே கணத்தில் போகின்றன. பேரலல் என்ற பெயர் அதனால் வந்தது. நான்கு கம்பிகள் கம்ப்யூட்டர் பிறப்பிக்கும் ஆக்ஞைகளுக்கு; ஐந்து கம்பிகள் பிரிண்டர் தன் ஸ்திதியைத் திருப்பிச் சொல்வதற்கு; மிச்சமுள்ள எட்டும் பூமிக் கம்பிகள். கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை எட்டுக் கம்பிகளிலும் நிறுத்திவிட்டு, ஸ்ட்ரோப் என்ற கம்பியில் ஒரு கணம் தட்டி, "எடுத்துக்கொள்" என்கிறது. பிரிண்டர் பிஸி என்ற கம்பியை உயர்த்தி, "பொறு" என்கிறது. எழுத்தை உள்வாங்கியதும் அக்னாலெட்ஜ் என்ற கம்பியில் ஒரு தட்டு தட்டி, "ஆயிற்று, அடுத்தது வரட்டும்" என்கிறது. காகிதம் தீர்ந்துவிட்டால் அதைச் சொல்லத் தனியாக ஒரு கம்பி உண்டு. இதைவிட எளிமையான, கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய சம்பாஷணை யந்திர உலகத்தில் அபூர்வம்.

அந்த எளிமையே அதற்குப் பிரிண்டரைத் தாண்டிய ஒரு வாழ்வைத் தந்தது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தப் போர்ட்டுக்கு 378 என்ற பதினாறடிமான எண் முகவரியாக இருந்தது. அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால், அடுத்த கணம் எட்டுக் கம்பிகளில் அதற்குரியவற்றில் மின்னழுத்தம் ஏறும். இடையில் தரகர் எவரும் இல்லை. 1990-களிலும் அதற்குப் பின்னும் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள், எட்டுச் சிறிய எல்.இ.டி. விளக்குகளை எட்டு மின்தடைகளோடு சேர்த்து அந்தத் துளைகளில் செருகி, டர்போ சி-யில் அவுட்போர்ட் என்ற ஒரே ஆணையால் அவற்றை ஓடவிட்டு, தாம் எழுதிய எண் ஒளியாக மாறியதைக் கண்டு மகிழ்ந்த அந்த முதல் சாயங்காலத்தை மறந்திருக்கமாட்டார்கள். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், பௌதிகப் பரிசோதனைகளை மாணவர்கள் குறைந்த செலவில் செய்வதற்காக ஃபீனிக்ஸ் என்ற சாதனத்தை ஆதியில் அமைத்தபோதும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இந்தப் போர்ட்டைத்தான் நாடிற்று. ஐயோமேகா நிறுவனத்தின் ஸிப் டிரைவ், ஸ்கேனர்கள், நினைவுச் சில்லுகளில் நிரல் பதிக்கும் கருவிகள், விலையுயர்ந்த மென்பொருள்களுக்குப் பூட்டாக இருந்த டாங்கிள்கள், கடைசல் யந்திரங்களின் மோட்டார்கள் எல்லாம் அச்சுக்கென்று கட்டிய அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்து குடியேறின.

1996-இல் யு.எஸ்.பி. வந்தது. இந்தியாவில் பிறந்து பரோடாவில் படித்த அஜய் பட் என்பவர் இன்டெல் நிறுவனத்தில் இருந்துகொண்டு அதன் உருவாக்கத்தில் பிரதான பங்கு வகித்தார் என்பது நமக்கெல்லாம் சந்தோஷம் தரும் விஷயம். யு.எஸ்.பி.-யின் தர்மம் முற்றிலும் வேறானது. அதில் பிட்கள் ஒற்றை வரிசையில், பொட்டலம் பொட்டலமாகக் கட்டப்பட்டு, கம்ப்யூட்டர் அழைக்கும்போதுதான் பிரயாணம் செய்கின்றன. மாட்டப்பட்ட ஒவ்வொரு சாதனமும் முதலில், "நான் விசைப்பலகை", "நான் பிரிண்டர்", "நான் சேமிப்பகம்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாக வேண்டும். அந்த அறிமுகத்துக்குத் தக்கபடியே கம்ப்யூட்டர் அதனோடு பேசும். ஒழுங்கு என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த இரண்டு பாஷைகளுக்கும் நடுவே நிற்கும் அடாப்டர் எத்தகையது என்பதுதான் கேள்வி. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, வியாபாரம், ராஜாங்கம், யுத்தம், வழக்கு எதுவானாலும் இரு தரப்பாருடைய கருத்தையும் அறிந்து மாற்றிச் சொல்லக்கூடியவராக இருந்தார். தம் நாட்குறிப்பில் அந்தக் காலத்தையே நமக்கு விட்டுப் போனார். கடையில் விற்கும் யு.எஸ்.பி. டு பேரலல் அடாப்டரும் ஒரு துபாஷிதான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மொழிபெயர்க்கத் தெரிந்த துபாஷி. அதைக் கம்ப்யூட்டரில் செருகியவுடன் அது, "நான் ஒரு பிரிண்டர்" என்று அறிமுகம் செய்துகொள்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி, யு.எஸ்.பி. 001 என்று ஒரு பெயர் கொடுத்து, அச்சிட வேண்டியதை மொத்தமாக ஒப்படைத்துவிடுகிறது. அதன்பின் ஸ்ட்ரோப் தட்டுவது, பிஸி இறங்கும்வரை காத்திருப்பது, அடுத்த எழுத்தை நிறுத்துவது ஆகிய காரியங்களையெல்லாம் அடாப்டருக்குள் இருக்கும் சில்லே தன் போக்கில் செய்துகொள்கிறது. காகிதம் தீர்ந்ததா, பிரிண்டர் தயாராக இருக்கிறதா, பிழை ஏதும் உண்டா என்ற மூன்று செய்திகளைத் திருப்பிச் சொல்லவும் அதற்குத் தெரியும். அத்தோடு சரி. 378 என்ற முகவரி அதனிடம் இல்லை, எல்.பி.டி. 1 என்ற பெயரும் அதற்குக் கிடையாது.

எனவே அச்சிடும் சாதனமாக இருந்தால், அது பில் அடிக்கும் பிரிண்டரானாலும், லேபிள் அடிக்கும் பிரிண்டரானாலும், பார்வையற்றோருக்கான பழைய பிரெயில் அச்சு யந்திரமானாலும், இந்த அடாப்டர் அநேகமாகக் கைகொடுக்கும். பழைய பில் மென்பொருள் எல்.பி.டி. 1 என்ற பெயரைத் தவிர வேறொன்றையும் அறியாததாக இருந்தாலும் வழியுண்டு: பிரிண்டரை வலையமைப்பில் பகிர்ந்ததாக அமைத்து, நெட் யூஸ் என்ற ஆணையால் எல்.பி.டி. 1 என்ற பெயரை அந்தப் பகிர்வின்மேல் ஏற்றிவிட்டால், மென்பொருள் வித்தியாசம் அறியாமல் அச்சிடும். இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டபடியால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். அது 64 பிட் வடிவில் மட்டுமே வருவது. 16 பிட் டாஸ் நிரல்கள் அதில் நேரடியாக ஓடா. அப்போது பில் அச்சாகாததற்கு அடாப்டரை நோவதில் பிரயோஜனம் இல்லை. பழைய நிரலை அதற்கென்று உள்ள போலி டாஸ் சூழலுக்குள் ஓட்ட வேண்டியிருக்கும்.

அச்சிடாத சாதனங்களின் கதை வேறு. மில்லிங் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு இயக்க அச்சுக்கும் இரண்டு கம்பிகள்: ஒன்று எந்தத் திசை என்பதைச் சொல்லும், மற்றொன்றில் வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஓர் அடி வைக்கும். அந்தத் துடிப்புகள் மைக்ரோ வினாடிக் கணக்கில், தாளம் தவறாமல் வர வேண்டும்; தவறினால் மோட்டார் அடி சறுக்கும், வெட்டப்படும் உலோகம் வீணாகும். யு.எஸ்.பி.-யின் ஆதார லயமோ ஒரு மில்லி வினாடிக்கு ஒரு சட்டகம் என்பது. அதன் வேகமான வடிவத்தில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும், பொட்டலம் எந்தக் கணத்தில் போய்ச் சேரும் என்ற நிச்சயம் இல்லை. அதற்கும் முன்பாகவே, கம்பிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் உரிமையைப் பிரிண்டர் அடாப்டர் எவருக்கும் கொடுப்பதே இல்லை. பிரிண்டர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதனிடம் மோட்டாரைச் சுழற்று என்றால் அது என்ன செய்யும்? மென்பொருள் பூட்டுகளும் நிரல் பதிக்கும் கருவிகளும் தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம். எந்தக் கடையில் எத்தனை முறை மாற்றி வாங்கினாலும் இந்த ஸ்திதி மாறாது.

இவற்றுக்குத் தகுந்தது, மேஜைக் கம்ப்யூட்டரின் உள்ளே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இடுக்கில் செருகும் பேரலல் போர்ட் அட்டை. அது துபாஷி அன்று; உண்மையான போர்ட்டே. ஆயினும் 378 என்ற பழைய முகவரி அதற்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டர் வேறோர் எண்ணைக் கொடுக்கும். முகவரியை மாற்றி எழுத இடம் தரும் மென்பொருளாக இருந்தால் காரியம் நடக்கும். 378 என்பதையே உள்ளே பொறித்துவைத்த மென்பொருளானால் நடக்காது. சில அட்டைகள் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 3.3 வோல்ட்தான் தருகின்றன. அதை ஏற்காத யந்திரங்களும் உண்டு. விண்டோஸின் இந்நாளைய வடிவங்கள் சாதாரண நிரல்களை வன்பொருள் முகவரிகளைத் தொடவிடுவதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கோ இந்த வழியே இல்லை. இவ்வளவும் சிரமம்தான், ஆனால் முன்கூட்டியே தெரிந்தால், காசையும் நாட்களையும் விரயம் செய்யாமல் தீர்மானிக்கக்கூடிய சிரமம்.

என்னுடைய ஆட்சேபம் இதுதான். அடாப்டரைத் தயாரிப்பவர்கள் அதன் நுனிக்கு 25 துளைகள் கொண்ட பழைய போர்ட்டின் உருவத்தை அச்சாகக் கொடுத்துவிட்டு, உறையின்மேல் "யு.எஸ்.பி. டு பேரலல்" என்று மட்டும் அச்சிட்டு விற்பது வாங்குகிறவனைத் தவறான நம்பிக்கைக்கு உள்ளாக்குகிறது. உருவம் ஒன்றாயிருந்தால் குணமும் ஒன்றாயிருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணத்தைத் திருத்த வேண்டிய கடமை, உண்மையை அறிந்தவனுக்குத்தான் உண்டு. "பிரிண்டருக்கு மட்டும்" என்ற இரண்டு சொற்களை உறையின் முகப்பில் தமிழிலும் அச்சிட்டால் என்ன செலவாகிவிடும்? பிரிண்டர் பக்கத்து 36 முனைகள் கொண்ட நுனியோடு மட்டுமே இவற்றை விற்றாலும், பாதிக் குழப்பம் அப்போதே தீரும். கடைக்காரர்களும், "எந்தச் சாதனத்துக்கு வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பொருளை எடுத்துக் கொடுக்கலாம். மருந்துக் கடையில் கேட்கிறார்களே!

அதேபோல, புதிய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கும் கூட்டுறவு சங்கங்களும், நகராட்சி அலுவலகங்களும், கல்லூரிகளும், வாங்குமுன் தங்கள் மேஜைகளில் எந்தெந்தச் சாதனம் எந்த வழியாக மாட்டப்பட்டிருக்கிறது என்று ஒருநாள் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பேன். பிரிண்டர் மட்டும் இருக்கும் மேஜைக்கு ஓர் அடாப்டர் போதும். யந்திரமோ ஆய்வுக் கருவியோ இருக்கும் மேஜைக்கு அட்டை செருகும் இடுக்குள்ள கம்ப்யூட்டர் வேண்டும். அட்டையும் பயன்படாத இடத்தில், இணையத்தோடு தொடர்பற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்துப் பேணி வைத்திருப்பது அவமானம் அன்று. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகள், கழித்த பிரிண்டர் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன; கழிக்க வேண்டியதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பழையது எதுவானாலும் நிலைக்க வேண்டும் என்று வாதிக்க எனக்கு விருப்பம் இல்லை. ஊசிகள் தேய்ந்து எழுத்து மங்கிவிட்ட பிரிண்டரைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தம் இல்லை, யு.எஸ்.பி. வாயிலோடு புதிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களும் விற்கப்படுகின்றன. ஆனால் அந்த ஜாதி பிரிண்டரே காலாவதியானது என்று சொல்பவர்களை நான் மறுக்கிறேன். சரக்கு விற்பவர் விலைப்பட்டியலை மூன்று பிரதிகளாக, வாங்குகிறவருக்கு ஒன்று, ஏற்றிச் செல்பவருக்கு ஒன்று, தமக்கு ஒன்று என்று தயாரிக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 48-ஆவது விதி கூறுகிறது. ஒரே அடியில் மூன்றையும் பதிக்கும் சக்தி, காகிதத்தைத் தொடாமல் மை தெளிக்கும் யந்திரத்துக்கோ சூட்டினால் கறுக்கும் தாளுக்கோ கிடையாது. சூட்டுத் தாளின் எழுத்து வெயிலில் வைத்தால் மங்கிவிடும். என் நண்பரின் கடையில் பத்து வருஷத்துக் கார்பன் பிரதிகள் இன்றும் வாசிக்கும்படி இருக்கின்றன.

பாலிடெக்னிக் ஆசிரியரின் விஷயம் மீதி இருக்கிறது. பதிவேட்டில் எழுதுமுன் ஒருநாள் அவரோடு பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து, மில்லிங் யந்திரத்தின் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு மோட்டாருக்கும் திசை ஒன்று, துடிப்பு ஒன்று என்று கம்பிகள் தெளிவாகப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தன, மறைபொருள் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் ஒதுக்கி வைத்திருந்த மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்றில் பேரலல் போர்ட் அட்டையைச் செருகி, அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் தோன்றிப் பிற்பாடு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கலான லினக்ஸ் சி.என்.சி. மென்பொருளை நிறுவி, அட்டைக்குக் கிடைத்த முகவரி எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதினார். முதல் தடவை எக்ஸ் அச்சு எதிர்த் திசையில் நகர்ந்தது; அதையும் கோப்பில் ஒரு குறியை மாற்றித் திருத்திக்கொண்டார். மாலை நாலரை மணிக்கு ஒரு மாணவி அலுமினியத் தகட்டில் தன் பெயரின் முதல் எழுத்தை வெட்டினாள். மூன்று அடாப்டர்களில் ஒன்று இப்போது அந்தக் கல்லூரி நூலகத்தில், ரசீது அடிக்கும் பழைய பிரிண்டரின் பின்னால் வேலை செய்துகொண்டிருக்கிறது. மற்ற இரண்டையும், பிரிண்டருக்கு மட்டும் என்று கையால் எழுதி ஒட்டி, ஆசிரியர் அலமாரியில் வைத்திருக்கிறார்.